செண்பகம் நிற்கும் இடம்

ஐந்து பெட்டிகளில் நாலு சுத்தமாக இருந்தன. ஐந்தாவது பெட்டியின் உட்பக்கத்தில், ஓலை மடிந்து திரும்புகிற இடங்களில், கடுகளவு பழுப்புப் புள்ளிகள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். விரலில் லேசாகச் சிவந்தது. ரத்தம்.

மாத்திரைப் பொட்டலங்களைப் போட்டு வைப்பதற்காக ஜெயராஜ் பழவேற்காட்டிலிருந்து வாங்கி வந்த ஓலைப் பெட்டிகள் அவை. ஜெயராஜ் எங்கள் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். ஜீப்பை ஓட்டுவதும் அவர்தான். பொன்னேரியில், பெருநோய் என்கிற குஷ்டம் வந்தவர்களுக்கென்றே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. நானும் ஒரு காலத்தில் அங்கே மாத்திரை வாங்கிய நோயாளிதான். இப்போது ஊர் ஊராகப் போய், வீட்டுக்காரர்கள் ஒளித்து வைத்திருக்கும் ஆட்களைக் கண்டுபிடிக்கிறேன். இந்த வேலைக்கு ரிஜிஸ்தரில் பெயர் கிடையாது. டாக்டர் என்னை "நம்ம அஞ்சம்மாள்" என்பார். அதுவே உத்தியோகம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இன்னா அஞ்சம்மா, பெட்டிய மோந்து பாத்துக்கினு கீறே?" என்றார் ஜெயராஜ்.

"இத முடைஞ்சது யாருண்ணே?"

"எனுக்கு இன்னா தெரியும்? அசன் முகைதீன் பாய் கடைல வாங்கினேன். ஏன், ஓட்டையா?"

"ஓட்டையில்ல."

பனையோலையின் விளிம்பு பிளேடு மாதிரி. முடைகிறவளுக்கு வாரத்தில் ஒரு தடவையாவது கையை அறுக்கும். அறுத்தால் என்ன செய்வாள்? கையை உதறுவாள், விரலை வாயில் வைத்துச் சப்புவாள், ரத்தம் நின்ற பிறகுதான் ஓலையைத் தொடுவாள். கடைக்குப் போகிற பெட்டியில் கறை பட விடமாட்டாள். இந்தப் பெட்டியை முடைந்தவள் நிறுத்தவே இல்லை. எத்தனை இடத்தில் அறுத்ததோ அத்தனை இடத்திலும் முடைந்துகொண்டே போயிருக்கிறாள். அவளுக்கு வலிக்கவில்லை. கறை அவள் கண்ணிலும் படவில்லை என்றால் இருட்டில் உட்கார்ந்து முடைந்திருக்க வேண்டும்.

தலையைத் தூக்கினேன். மருந்து அலமாரி ஓரமாகச் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். காலை பத்து மணி வெளிச்சத்தில், நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கண்ணுக்கு நிழல் பிடித்துக்கொண்டு.

செண்பகம் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளவில்லை, பூசாரியைத் தேடிப் போகவும் இல்லை. அவள் என்னை ஒன்றும் செய்வதில்லை. பேசுவதும் இல்லை. எங்காவது ஒரு ஓரத்தில் நிற்பாள். நான் கிளம்பினால் அவளும் இருக்க மாட்டாள், நான் போகிற இடத்தில் எனக்கு முன்னால் நிற்பாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பயம் கிடையாது. வெட்கமாக இருக்கும். பயமாக இருந்தால் எவ்வளவோ தேவலை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஜீப் வந்தது. எனக்கு முன் சீட்டில் இடம். ஆரம்பாக்கத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, ஆறு வருஷம் இருட்டறையில் கிடந்தவளுக்கு முன் சீட்டு என்றால் தலை நிற்குமா? கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மருமகளை நெல் போடுகிற அறையில் அடைத்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. நேராக அந்த வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். தெருவே கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் என் மடங்கிப்போன விரல்களைத் தூக்கிக் காட்டினேன். "நானும் ஆறு வருசம் உள்ள கெடந்தவதான். மாத்திர சாப்ட்டேன், வெளிய வந்தேன், இன்னிக்கி பாரு, ஜீப்புல வரேன். நீயும் வா கண்ணு" என்று கத்தினேன். கூட்டங்களில் நான் வழக்கமாகச் சொல்வதுதான் அது. நன்றாகச் சொல்வேன்.

செண்பகம் வந்தாள். பத்தொன்பது வயது. வாசற்படியில் வெயில் முகத்தில் அடித்ததும் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். கூட்டம் இரண்டு அடி பின்னால் போனது. ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஒரு உயிரை மீட்டுவிட்ட குஷியில், அவளை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு ஜீப்பில் திரும்பினேன்.

மூன்றாம் நாள் அவள் ஏரியில் மிதந்தாள்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் பூவராகவன் பெருமூச்சு விட்டார். ஜெயராஜ், "நாம இன்னா பண்ண முடியும், அது தலையெழுத்து" என்றார். யாராவது என் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் நான் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

"பெட்டிய முடைஞ்ச ஊடு தெரிஞ்சா சொல்லு. வியாழக்கெழம வண்டிய எடுத்துக்கினு போலாம்" என்றார் ஜெயராஜ். அவருக்கும் பெட்டியின் விஷயம் இப்போது புரிந்துவிட்டது.

"ஒங்க வண்டிய நீங்களே வெச்சிக்கோங்கண்ணே. அது நிக்கிற ஊட்ல அதுக்கப்புறம் எவன் பொண்ணு எடுப்பான், எவன் பொண்ணு குடுப்பான்?"

"அதுக்குன்னு டாக்டர் பாக்காம மாத்திர குடுக்க முடியுமா? வியாழக்கெழம நேர்ல வந்தாத்தான் குடுப்பாரு. சும்மா பேஜாரு பண்ணாத."

அவர் சொன்னதும் நியாயம்தான். சரியான அளவு தெரியாமல் கொடுத்தால் காய்ச்சல் கண்டு நரம்பு இன்னும் கெட்டுப்போகும். நேரில் வர வேண்டும், ஆனால் வந்தது ஊருக்குத் தெரியக்கூடாது. முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன்.

அசன் முகைதீன் கடையில் கயிறு, சாம்பிராணி, ஓலைப் பெட்டி எல்லாம் இருந்தன. தாடி பாதி நரைத்த, நல்ல முகம் கொண்ட மனிதர். இதே கையால் முடைந்த பெட்டி இன்னும் இரண்டு வேண்டும் என்றேன்.

"அதுவா, எங்க ஊட்ல முடைஞ்சது. சின்னப் பொண்ணு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "மூத்த பொண்ணு. மூத்த பொண்ணு முடைஞ்சது. இனிமே கெடைக்காது, அதுக்கு நிக்காஹ் வெச்சிருக்கு."

முகத்தில் வேர்த்துவிட்டது அவருக்கு. பாவமாக இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதரைப் பொய் சொல்ல வைத்துவிடுகிறது இந்தச் சனியன்.

வீடு கடைக்குப் பின் தெருவில் இருந்தது. பின்கட்டு வழியாகப் போனேன். கிணறு, முற்றம், அதற்கப்பால் இடுப்புயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஏரியின் தண்ணீர். அவருடைய மனைவி ஆரிபா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் மூத்த மகள் கமர் நிஷா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ? இன்னா வோணும்?" என்று ஆரிபா கேட்டாள். பக்கத்தில் நிற்கிற என்னிடம் நாலு வீடு தள்ளி நிற்கிறவளிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

ஒளித்து வைத்த வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று டாக்டர் ஒருமுறை என்னைக் கேட்டிருக்கிறார். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீடுகளில் ஆள் வந்துவிட்டால் பேச்சு தேவைக்கு மேல் சத்தமாக இருக்கும். அறைக்குள்ளிருந்து தும்மலோ இருமலோ கேட்டுவிடக் கூடாதே. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் மாமியார் தொண்டை கிழியக் கத்துவாள். நான் உள்ளே பாயைக் கடித்துக்கொண்டு இருமலை அடக்குவேன். இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டு ஆட்கள் எல்லாப் பக்கமும் பார்ப்பார்கள், ஒரு கதவை மட்டும் பார்க்க மாட்டார்கள். ஆரிபா பார்க்காத கதவு சமையல்கட்டை ஒட்டி இருந்தது. அதன் பக்கத்தில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள்.

"மெதுவா பேசும்மா. எனக்குக் காது நல்லா கேக்கும்" என்றேன். முந்தானையை அவிழ்த்துக் கையைக் காட்டினேன். மடியிலிருந்த பெட்டியை எடுத்துத் திறந்து புள்ளிகளையும் காட்டினேன்.

ஆரிபா பெட்டியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவள மெட்ராஸ் மண்ணடில மாமு ஊட்டுக்கு அனுப்பிருக்கோம்னு ஊருக்கு சொல்லி வெச்சிருக்கோம். ஏழு மாசமாச்சு. மூத்தவளுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல நிக்காஹ். அது முடிஞ்சிரட்டும். அப்புறம் நீ எங்க கூப்ட்டாலும் கூட்டிக்கினு வரேன். அல்லா மேல ஆணையா வரேன். இப்ப போய்டும்மா."

"ரெண்டு மாசத்துல வெரலு மடங்கிடும்மா. மடங்கிட்டா அப்புறம் எந்த மாத்திரையும் நிமுத்தாது. என்னுத பாரு."

"அப்ப என் பெரிய பொண்ணு? அவ வாழ்க்க?"

ஒரு மகளின் கைக்கு இன்னொரு மகளின் கல்யாணத்தை விலையாகக் கேட்க நான் யார்? கமர் நிஷா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அவகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன். கதவத் தொறக்க வேணாம்" என்றேன்.

ஆரிபா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கதவை ஒட்டி உட்கார்ந்தேன். கீழ்ப்பலகை கொஞ்சம் தேய்ந்து நாலு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அறையின் வாடை வந்தது. மூடிய அறை, பழைய பாய், வியர்வை. அந்த வாடை என் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் இருபது வயதாகிவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"பேரு இன்னா கண்ணு?"

"சைதா."

"நானும் ஆறு வருசம் உள்ள கெடந்தவதான் சைதா. மாத்திர சாப்ட்டேன், வெளிய வந்தேன், இன்னிக்கி..."

செண்பகம் என் தலைக்கு மேல் நின்றாள். வாயில் வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? மிட்டாய் காட்டிப் பிள்ளை பிடிக்கிற வேலை. இதே மிட்டாயைத்தானே அவளுக்கும் காட்டினேன்? உள்ளே கிடந்த கதையைச் சொன்னேன், ஜீப்பில் வந்த கதையைச் சொன்னேன். நடுவில் நடந்ததை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"இன்னிக்கி?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"பொய் சொல்ல வந்தேன் கண்ணு. நெசத்த சொல்றேன், கேட்டுக்கோ. நான் உள்ள போறப்போ என் பொண்ணு கங்கம்மாவுக்கு ஒரு வயசு. வெளிய வரப்போ ஏழு வயசு. மொத நாளு ஊரே பாக்க வந்துச்சி. நான் எம் பொண்ண வாடின்னு கூப்ட்டேன். அவ 'பேய், பேய்'னு கத்திக்கினு ஓடிட்டா. ரெண்டாவது நாளு எனுக்குன்னு தனியா ஒரு சட்டி வெச்சாங்க. மாட்டுக் கொட்டாய்ல ஒரு மூல காட்டுனாங்க. மூணாவது நாளு, இதுக்கு உள்ளயே செத்திருக்கலாம்னு தோணிச்சி. ஸ்டேசன தாண்டிப் போயி தண்டவாளத்துல குந்திக்கினேன்."

ஆரிபாவும் கமர் நிஷாவும் அசையாமல் நின்றார்கள்.

"அப்புறம்?" என்றாள் சைதா.

"கூடூரு பாசஞ்சர் அன்னிக்கி லேட்டு."

உள்ளே என்னவோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை.

"நெசமாத்தான். எந்த சாமியும் வந்து காப்பாத்தல. வண்டி லேட்டு. குந்திக்கினே இருந்தேனா, பசி எடுத்துக்கிச்சி. சாவப் போறவளுக்கு இன்னா பசின்னு என் மேலயே கோவம் வந்துச்சி. கேங்மேன் பொண்டாட்டி ஒருத்தி அந்தப் பக்கமா வந்தா. கூழு குடுத்தா, குடிச்சேன், எழுந்து வந்துட்டேன். இன்னிக்கி வரைக்கும் கங்கம்மா என் கைய தொட மாட்டா. அது அப்படியேதான் கீது. மாத்திர வேல செய்யும், உன் வெரலு தப்பும், அதுக்கு நான் சத்தியம் பண்றேன். மத்ததுக்கு நான் பண்ண மாட்டேன்."

"உங்க கைய இப்படி வெய்ங்க" என்றாள் சைதா. கதவுக்குக் கீழே கையை நீட்டினேன். உள்ளே விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தன. அவளுடைய சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. மற்றது எல்லாம் நேராக இருந்தது.

"நான் வரேன் அக்கா. ஆனா எப்படி வர்றது?"

அந்த வீட்டில் அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை. கமர் நிஷா துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். தாயின் முன்னால் நின்றாள்.

"உம்மா, என் துப்பட்டிய அவளுக்குப் போத்திக் கூட்டிக்கினு போ. ஆராச்சும் கேட்டா கமரு வளையல் வாங்கப் போறான்னு சொல்லு."

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் வெளியே போனால் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொள்வார்கள். எதிரே வருகிற ஆண்கள் ஒதுங்கித் திரும்பிக்கொள்வார்கள். உள்ளே இருப்பது யார் என்று கேட்பது மரியாதை இல்லை, கேட்கவும் மாட்டார்கள். இத்தனை வருஷம் ஒளிந்தவர்களைத் தேடித் திரிகிற எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். என் புத்தியெல்லாம் ஜீப்பிலேயே இருந்திருக்கிறது.

"அப்ப நீ?" என்றாள் ஆரிபா.

"நான் பொன்னேரிக்குப் போயிருக்கேன் இல்ல? முத்தத்துல எப்படி நடமாடுவேன்? பக்கத்து ஊட்டு சாச்சி சொவத்துக்கு மேல எட்டிப் பாத்தா தீந்துது. நான் அந்த ரூம்ல இருந்துக்கறேன். வர்ற வரைக்கும் பூட்டிக்கினு போ."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு வெள்ளைத் துப்பட்டிகள் ஏறின. நான் மூன்று சீட்டு தள்ளி, தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பொன்னேரியில் டாக்டர் பூவராகவன் இறகால் சைதாவின் கையைத் தொட்டுத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த சைதா, அவர் ஐந்து தடவை தொட்ட பிறகு, "இன்னும் தொடவே இல்லியே" என்றாள். ஆரிபா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் விரல்கள் தப்பிவிடும் என்றார் டாக்டர். ஜெயராஜ் ரிஜிஸ்தரில் எழுத ஊர் என்ன என்று கேட்டார்.

"மண்ணடின்னு எழுதிக்கோங்கண்ணே" என்றேன்.

ஜெயராஜ் என்னை முறைத்தார். பிறகு எழுதினார். நல்ல மனிதர்தான், முறைத்துவிட்டுத்தான் எதையும் செய்வார்.

நாங்கள் திரும்பியபோது சாயங்கால அசர் தொழுகை நேரம். ஆரிபா பூட்டைத் திறந்தாள். ஒரே ஒரு பகல் அந்த அறையில் இருந்த கமர் நிஷா வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அசன் முகைதீனும் கடையிலிருந்து வந்துவிட்டார். அவர் ஏதோ கேட்டதற்கு, அவள் தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள எல்லாம் கேக்குது உம்மா. நாம வெளிய பேசுறது எல்லாமே கேக்குது."

அந்த முற்றத்தில் ஏழு மாதமாக என்னென்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. அந்த மூன்று பேருக்கும் தெரியும். அசன் முகைதீன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து கதவைச் சாத்தக்கூடாது என்று கமர் நிஷா சொல்லிவிட்டாள். அறையை விட்டு முற்றத்துக்கு வந்தாள் சைதா. விருந்தாளி யாராவது வந்தால் மண்ணடியிலிருந்து வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள் அன்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று எண்ணிக்கொண்டே பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பின்கட்டு வாசலிலேயே ஆரிபா என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நேத்து எங்க நாத்தனா கல்யாணப் பொடவ காட்ட வந்தா. சைதாவும் ஆசையா தொடப் போனா. நான்... நான் சட்டுனு பொடவைய இழுத்துட்டேம்மா. வேணும்னு செய்யல. கை தானா இழுத்துக்கிச்சி. அதுலேர்ந்து அவ சாப்டல. சாயங்காலம் பார்த்தா சொவத்த தாண்டி ஏரிக்கரைல போயி நிக்கிறா. கேட்டா காத்து வாங்குறேன்னு சொல்றா."

பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனேன். முற்றத்து நிழலில் பாய் போட்டுச் சைதா உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. வெளிச்சம் பழகாத கண். முன்னால் மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. காலை நாஷ்டாவுக்கு வைத்த ஆப்பம் காய்ந்துபோயிருந்தது.

"இன்னாக்கா, இன்னிக்கி வியாழக்கெழம இல்லியே?"

"சும்மா வந்தேன்."

அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். பேசத் தெரிந்த வார்த்தையை எல்லாம் செண்பகத்திடமே செலவழித்துவிட்டேன். வெயில் ஏறியது. சுவருக்கு அப்பால் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. சைதா அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஆரிபா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அங்க யாரு அக்கா?" என்றாள் சைதா திடீரென்று.

"எங்க?"

"கெணத்தடில. வந்ததுலேர்ந்து அங்கயே பாத்துக்கினு இருக்கீங்க. அன்னிக்கும் இப்படித்தான், கதவுக்குப் பக்கத்துல பாத்தீங்கன்னு கமரு லாத்தா சொன்னா."

பொய் சொல்லலாம். சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"செண்பகம்" என்றேன். அவள் செத்த பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜீப், கூட்டம், வாசற்படி, எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன்.

"மூணாவது நாளு அவ நேரா ஏரிக்குப் போவல சைதா. மொதல்ல எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா. கவரைப்பேட்டலேர்ந்து வெயில்ல நடந்தே வந்திருக்கா. எங்க ஆயா மேரி சொன்னா. 'அந்த அக்கா எங்க?'ன்னு கேட்டாளாம். என் பேரு கூட அவளுக்குத் தெரியாது. அவங்க வேற ஊருக்குப் போயிருக்காங்கன்னு மேரி சொல்லிருக்கா. மத்தியானம் வரைக்கும் புளியமரத்தடில குந்திக்கினு இருந்துட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு போயிட்டா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இன்னொரு ஊர்ல, ஜீப்பு மேல நின்னுக்கினு, கையத் தூக்கிக் காட்டிக்கினு இருந்தேன்."

இவ்வளவுதான் நான். சொல்லி முடித்ததும், இந்தப் பெண் இப்போது எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். இவளை நம்பியா வெளியே வந்தோம் என்று நினைக்க மாட்டாளா?

சைதா கிணற்றடியைப் பார்த்தாள். அவளுக்கு அங்கே ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் ஒரு ஆளைப் பார்ப்பதுபோல, கால் எங்கே தலை எங்கே என்று அளந்து பார்த்தாள்.

"ரெண்டு வருசமா நின்னுக்கினேவா இருக்காங்க?"

"ஆமா."

"கால் வலிக்காதா அக்கா? உக்காரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பாயில் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய தோள் என் தோளில் இடித்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியானது.

இரண்டு வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை. அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்திருக்கிறேன், வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன், தூக்கத்தில் அழுதிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. எட்டு மைல் நடந்து என்னிடம் பேச வந்தவளிடம்.

"உக்காரு செண்பகம்" என்றேன். அதற்குப் பிறகு எனக்குக் கண் மறைத்துவிட்டது. அவள் உட்கார்ந்தாளா, நின்றாளா, எனக்குத் தெரியாது. கமர் நிஷா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஆரிபா சோறு கொண்டுவந்தாள். சைதா சாப்பிட்டாள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று என்னைக் கேட்டாள், பின்னால் என்றேன், போட்டுக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நான் கிளம்பும் வரை அந்தப் பாயிலேயே இருந்தாள். காலை நீட்டி உட்காரச் சொன்னால், "வேணாம் அக்கா, அவங்களுக்கு எடம் வோணும்" என்று மடக்கியே வைத்திருந்தாள்.